வழக்கறிஞர் அலுவலகமும் வீட்டிலிருந்து பணிபுரிவோரும்



சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடத்திற்கு எதிரே தம்புச் செட்டித் தெரு, இலிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரத் தெரு எனச் சில பழைய தெருக்கள் இருக்கின்றன. அங்கே எந்த மாடிப்படியில் ஏறினாலும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தைக் காணலாம். சுவரை மறைக்கும் சட்டப் புத்தகங்கள். நாடாவால் கட்டிய வழக்குக் கட்டுகள். முன்பு தட்டச்சுப் பொறி இருந்த மூலையில் இப்போது கணினி. வாயிலருகே பல்லாண்டு அனுபவம் வாய்ந்த குமாஸ்தா. நடுவே மூத்த வழக்கறிஞர். அவரைச் சுற்றி இளைய வழக்கறிஞர்கள். நெடுங்காலமாக நாம் அறிந்த காட்சி இது.

இன்று அக்காட்சியின் ஒரு பகுதி அத்தெருக்களை விட்டுப் பல ஊர்களுக்கும் பரவிவிட்டது. வழக்கு நடப்பது சென்னையில். கட்சிக்காரர் இருப்பது மும்பையில். ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுக்கும் பெண் இருப்பதோ காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில், தன் வீட்டுக் கூடத்தில். இவ்வாறு தொலைவிலிருந்து பணிபுரிவோருக்கு அவர்களுடைய அலுவலகம் எவ்வெவ்வகையில் துணை நிற்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நான் வழக்கறிஞன் அல்லேன். பள்ளி ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இப்பொருளில் எவ்வாறு அக்கறை பிறந்தது என்பதைப் பேச்சின் நடுவே கூறுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதையை நினைவூட்ட விரும்புகிறேன். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பதினைந்தாம் வயதில், 1827-ஆம் ஆண்டில், இலண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். அங்குக் கண்டவற்றை அவர் மறக்கவில்லை. 1852-ஆம் ஆண்டில் தொடங்கி மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த ‘பிளீக் ஹவுஸ்’ என்னும் நாவலில் நீமோ என்றொரு மனிதனைப் படைத்திருக்கிறார். அவன் தொழில் சட்டப் பத்திரங்களைப் பார்த்துப் படி எடுத்தல். அவன் அலுவலகத்திற்குச் செல்வதில்லை. பத்திரங்கள் ஓர் எழுதுபொருள் வணிகர் வழியாக அவனிடம் வரும். பழம்பொருட் கடை ஒன்றின் மாடியில், இருண்ட அறையில், இரவெல்லாம் விழித்து எழுதி அனுப்புவான். அவன் கையெழுத்தைப் பலர் கண்டிருந்தனர். முகத்தைக் கண்டவர் மிகச் சிலர். ஒரு நாள் அவனைத் தேடிக்கொண்டு ஒரு வழக்கறிஞர் அம்மாடிக்கு ஏறிச் செல்கிறார். அவன் அபினி மயக்கத்தில் இறந்து கிடக்கிறான். அவன் யார், எவ்வூரான், உற்றார் உண்டா என்பதை வேலை கொடுத்தவரும் அறியார். இடம் கொடுத்தவரும் அறியார். நீமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கே ‘ஒருவரும் இல்லை’ என்பதுதான் பொருள்.

வழக்கறிஞர் தொழிலுக்காகத் தன் அறையிலிருந்தே உழைத்த ஒருவனின் கதை இது. ஆகவே, தொலைவிலிருந்து பணிபுரிதல் கணினியோடு பிறந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. கருவிகள் மட்டுமே புதியவை. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்னும் அறிஞர், மனிதர்கள் வேலையைத் தேடி நாள்தோறும் நெடுந்தூரம் செல்வதற்கு மாறாக, தொலைத்தொடர்பின் உதவியால் வேலையே மனிதர்களை நாடி வரலாம் என்று ஆராய்ந்து, அம்முறைக்கு ஒரு பெயரும் இட்டார். எனினும் வழக்கறிஞர் தொழில் அம்முறையை விரைந்து ஏற்கவில்லை. காகிதமும் கையொப்பமும் நேர்முகமும் இன்றி நீதி நடக்குமா என்ற ஐயம் அத்தொழிலில் ஆழ்ந்து வேரூன்றியிருந்தது.

அந்த ஐயத்தைப் போக்கியது ஒரு பெருந்தொற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே, வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் விதித்துள்ள காலக்கெடுக்களை மார்ச் 15 முதல் நீட்டித்து இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஏப்ரல் 6 அன்று, நீதிமன்றங்கள் காணொளி வாயிலாக வழக்குகளை விசாரிப்பதற்கான நெறிமுறைகளையும் அது வகுத்துக் கொடுத்தது. ஒரு திங்களுக்குள் வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் தத்தம் வீட்டிலிருந்தே பணி செய்யலாயினர். தொற்று தணிந்தபின் பலர் அலுவலகம் திரும்பினர். ஆனால் ஆவணங்களை ஆராய்வோர், சட்டக் குறிப்புகளைத் தொகுப்போர், பட்டியல் அனுப்பிக் கணக்கு வைப்போர் எனச் சிலர், வாரத்தில் சில நாட்களேனும், வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை நிலைத்துவிட்டது.

இனி, இவர்களுக்குத் தேவையான துணை யாது? அதனை நான்கு கூறுகளாகப் பிரித்துப் பார்ப்போம். கருவியும் மறைகாப்பும் ஒன்று, கெடுவும் கட்டளையும் இரண்டு, பயிற்சி மூன்று, மனத்துணை நான்கு.

முதற்கூறாகிய கருவியும் மறைகாப்பும் வழக்கறிஞர் தொழிலில் தனிச் சிறப்புடையவை. தன் குடும்பச் சொத்தைப் பற்றியோ, தன்மேல் சுமத்தப்பட்ட குற்றத்தைப் பற்றியோ ஒருவர் வழக்கறிஞரிடம் மனம் திறந்து பேசுகிறார். அது வெளியே செல்லாது என்ற நம்பிக்கையே அத்தொழிலின் அடித்தளம். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 126-ஆம் பிரிவில் அந்த நம்பிக்கைக்குக் காவல் அமைத்தது. கட்சிக்காரரின் இசைவின்றி அவர் கூறியதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்றது அப்பிரிவு. குற்றம் புரிவதற்கென்றே நாடும் ஆலோசனைக்கு மட்டும் அக்காவல் இல்லை. அடுத்த பிரிவு இன்னும் நுட்பமானது. அதே கடமையை வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, பணியாளர் ஆகியோருக்கும் அது விதித்தது. 2024 சூலை 1 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்னும் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 132-ஆம் பிரிவிலும் இக்கடமை தொடர்கிறது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கூடத்தில் அமர்ந்து வேலை செய்யும் இளம்பெண்ணின் கடமை மூத்த வழக்கறிஞரின் கடமைக்குச் சிறிதும் குறைந்ததன்று. ஆனால் அலுவலகத்தில் அக்கடமையைக் காப்பதற்குக் கதவும் பூட்டும் காவலாளியும் இருந்தனர். வீட்டில் யார் இருக்கிறார்கள்? தொலைக்காட்சி பார்க்கும் பாட்டி, எட்டிப் பார்க்கும் தம்பி, வந்து போகும் அண்டை வீட்டார் ஆகியோரே இருக்கிறார்கள். ஆகவே அலுவலகம், “மறைபொருளைக் காப்பாற்று” என்று கட்டளையிட்டால் மட்டும் போதாது. காப்பாற்றுவதற்கான வழிகளையும் செய்து தர வேண்டும்.

அவ்வழிகள் எவை? குடும்பத்தினர் எல்லோரும் பயன்படுத்தும் கணினியில் வழக்கு வேலை நடக்கலாகாது. அலுவலகமே ஒரு மடிக்கணினி தர வேண்டும். அதில் உள்ள கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், கணினி களவு போனாலும் கள்வனால் அவற்றைப் படிக்க இயலாது. அலுவலகக் கணினிக்குச் செல்லும் வழி விபிஎன் எனப்படும் மறைகாப்பு இணைப்பாக இருத்தல் வேண்டும். அஞ்சலட்டையில் எழுதுவதற்கும் முத்திரையிட்ட உறையில் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடே வெறும் இணைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. கடவுச்சொல்லோடு நில்லாமல், கைப்பேசிக்கு வரும் இரண்டாம் அடையாளத்தையும் கேட்டல் நலம். கட்சிக்காரரோடு பேசும்போது பிறர் காதில் விழாதிருக்க ஒரு செவிப்பொறியும், இயலுமானால் கதவுள்ள அறையும் தேவை. அத்தகைய அறை இல்லாத வீடுகள் நம் நாட்டில் மிகப் பல. அவர்களுக்கு அண்மை நகரில் வாடகைக்குக் கிடைக்கும் சிறு பணியிடத்தை அலுவலகம் ஏற்பாடு செய்து தரலாம். மின்சாரம் தடைப்பட்டால் ஒரு மணி நேரமேனும் தாங்கக்கூடிய மின்கலமும், முதுகு நோகாத நாற்காலியும் கூட இத்துணையில் அடங்கும். இவற்றின் செலவைப் பணியாளர் தலையில் ஏற்றுவது முறையன்று.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதுமா? 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். காணொளி விசாரணை தொடங்கியது. நீதிபதியின் திரையில் வழக்கறிஞரின் முகத்திற்குப் பதிலாக ஒரு வெண்ணிறப் பூனைக்குட்டியின் முகம் தோன்றியது. தம் செயலாளரின் கணினியைப் பயன்படுத்திய அவ்வழக்கறிஞருக்கு, அதில் முன்னரே வைக்கப்பட்டிருந்த பூனை வேடத்தை நீக்கத் தெரியவில்லை. தாம் பூனை அல்ல என்று அவர் நீதிபதிக்கு விளக்க வேண்டியதாயிற்று. உலகமே அதைக் கண்டு சிரித்தது. நாமும் சிரிக்கலாம். சிரித்தபின் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்நேரத்தில் அவர் அருகில் இருந்த உதவியாளராலும் அவ்வேடத்தை உடனே நீக்க இயலவில்லை. தொலைவில் இருப்பவர் தொலைபேசியில் அழைத்தவுடன் வழிகாட்டத் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் இருத்தல் வேண்டும்; விசாரணைக்கு முன் ஒத்திகையும் வேண்டும்.

சிரிப்புக்கு இடமில்லாத இடர் ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் வீடு விற்பனைப் பணம் வழக்கறிஞர் அலுவலகத்தின் கணக்கு வழியாகவே கைமாறுவது வழக்கம். பல விற்பனைகள் வெள்ளிக்கிழமைகளில் முடிவுறும். அவ்வேளை பார்த்து, விற்பவர் எழுதுவது போலவே, “என் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது” என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பெருந்தொகையைக் கவரும் கூட்டம் தோன்றியது. ‘வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மோசடி’ என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. அலுவலகத்தில் இருப்பவர் ஐயம் தோன்றினால் அடுத்த மேசைக்காரரிடம், “இதைச் சற்றுப் பாருங்களேன்” என்பார். தனியே இருப்பவர் யாரிடம் கேட்பார்? ஆகவே, பணம் தொடர்பான எந்த மாற்றத்தையும், முன்னரே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பின்னரே ஏற்க வேண்டும் என்ற விதியும், ஐயம் கேட்டால் எள்ளி நகையாடாத ஒரு மேலாளரும் அவருக்குத் தேவை.

இரண்டாம் கூறு கெடுவும் கட்டளையும். பள்ளியில் வீட்டுப்பாடம் ஒரு நாள் தாமதமானால் ஆசிரியர் கடிந்துகொள்வார், அவ்வளவே. வழக்கில் ஒரு நாள் தாமதம் ஒரு குடும்பத்தின் நிலத்தையே இழக்கச் செய்யலாம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உரிமையியல் தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாட்கள். பிற நீதிமன்றங்களில் 30 நாட்கள். தாமதத்தைப் பொறுத்தருளுமாறு வேண்ட இடம் உண்டு. ஆனால் போதிய காரணம் காட்ட வேண்டும். வணிக வழக்குகளிலோ, அழைப்பாணை பெற்ற 120 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்யாத பிரதிவாதி அவ்வுரிமையையே இழக்கிறார்.

பழைய அலுவலகங்களில் இக்கெடுக்களைக் காத்தவர் குமாஸ்தா. தடித்த அட்டையிட்ட வாய்தாக் குறிப்பேடு அவர் கைவசம் இருக்கும். காலையில் அதைப் புரட்டி, “ஐயா, நாளை மறுநாள் கடைசி நாள்” என்று உரக்கச் சொல்வார். அறையில் இருந்த அனைவர் காதிலும் அது விழும். பணியாளர் பல ஊர்களில் பிரிந்திருக்கும்போது அக்குரலுக்கு ஈடாக ஒன்று வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் காணக்கூடிய பொதுக் குறிப்பேடு கணினியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கெடுவுக்கும் ஒருவர் பொறுப்பாளர், மற்றொருவர் சரிபார்ப்பவர் என இருவர் பெயர் எழுதப்பட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் நோயுற்றால் யார் ஏற்பது என்பதும் முன்கூட்டியே தெளிவாக்கப்பட வேண்டும்.

கட்டளை கொடுப்பதிலும் ஒழுங்கு தேவை. நேரில் இருப்பவரிடம் பாதி சொன்னாலும் மீதியை அவர் கேட்டுத் தெளிவார். தொலைவில் இருப்பவருக்குப் பாதி சொன்னால் மீதியை அவர் ஊகிப்பார், ஊகம் பிழைக்கும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடக் குறிப்பு எழுதும்போது எங்களுக்குக் கற்பித்த முறை இங்கும் பொருந்தும். எதைச் செய்ய வேண்டும், எதற்காக, எவ்வடிவில், எந்நாளுக்குள், ஐயம் வந்தால் யாரை எவ்வேளையில் கேட்கலாம் ஆகிய ஐந்து வினாக்களுக்கும் விடை இல்லாத கட்டளை முழுமையான கட்டளை ஆகாது.

எனக்கு இப்பொருளில் அக்கறை பிறந்த வரலாற்றை இங்குக் கூறுவது பொருத்தம். என் பழைய மாணவி ஒருத்தி சட்டம் படித்துச் சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். 2020-இல் ஊருக்குத் திரும்பி, எங்கள் தெருவிலேயே தன் பெற்றோர் வீட்டிலிருந்து பணிபுரிந்தாள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, ஒரு தாளோடு என்னிடம் வந்து, “ஐயா, இதில் பிழை ஏதும் இருக்கிறதா, பாருங்கள்” என்றாள். வாங்கிப் படித்தேன். பணி விலகல் கடிதம்! ஆங்கிலம் அழகாக இருந்தது. பிழை ஒன்றும் இல்லை. காரணம் கேட்டேன்.

ஏறத்தாழ ஒரு மாதத்திற்கு முன், ஒரு வழக்கின் ஆவணங்களைப் பட்டியலிடுமாறு ஒரே வரியில் அவளுக்குக் கட்டளை வந்ததாம். நாள் வரிசையா, பொருள் வரிசையா என்று அதில் இல்லை. கேட்பதற்கு அஞ்சினாள். அலுவலகத்தில் இருந்திருந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்டிருப்பாள். இரண்டு இரவுகள் கண்விழித்துப் பொருள் வரிசையில் தொகுத்து அனுப்பினாள். வேண்டியிருந்ததோ நாள் வரிசை. கெடு நெருங்கிவிட்டதால் வேறு இருவர் இரவோடிரவாகத் திருத்தினர். அவளை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அதன்பின் அவளுக்கு வேலை வருவது குறைந்தது. கூட்டங்களுக்கு அழைப்பும் குறைந்தது. “திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன் ஐயா. ஒன்றுமே சொல்லவில்லை. நான் இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை” என்றாள்.

அச்சொற்களைக் கேட்டபோது எனக்கு வேறொருவன் நினைவுக்கு வந்தான். நான் ஆசிரியனாகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். பேசமாட்டான், எழுந்து கேள்வி கேட்க மாட்டான். அடக்கமானவன் என்று எண்ணி, அவனைப் பற்றிக் கவலையின்றி இருந்தேன். அரைப் பரீட்சைக்குப் பின் அவன் தந்தை சொல்லித்தான் அறிந்தேன்: அவனுக்குக் கரும்பலகையில் எழுதியது ஒன்றுமே தெரிவதில்லை, கண்ணில் குறை. அவன் மௌனத்தை நான் ஒழுக்கமாகப் படித்திருந்தேன். பாதி ஆண்டு அவனுக்கு வீணாயிற்று. அந்தப் பிழை அவனுடையதன்று, என்னுடையது. கண்ணெதிரே இருந்த மாணவனின் மௌனத்தையே நான் தவறாகப் படித்தேன் என்றால், இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பவரின் மௌனத்தை ஒரு மேலாளர் எவ்வளவு எளிதில் தவறாகப் படிக்கக்கூடும்!

அம்மாணவியிடம், “கடிதத்தை அனுப்புவதற்கு முன் உன் அலுவலகத்தில் உன்னை நன்கு அறிந்த ஒருவரிடம் பேசு” என்று மட்டும் சொன்னேன். அவள் பேசியது மூத்த வழக்கறிஞரிடம் அன்று. வாய்தா நாட்களைச் சரிபார்க்க அவளை அழைக்கும் முதிய குமாஸ்தாவிடம். அவர் மறுநாளே மூத்தவரிடம் சென்றார். மூத்தவர் தாமே தொலைபேசியில் அவளை அழைத்தார். அவர் கூறியது அவளைத் திகைக்க வைத்தது. இரண்டு இரவுகள் கண்விழித்தவளுக்கு ஓய்வு தருவதாக எண்ணியே வேலையைக் குறைத்தாராம்! அவர் காட்டிய இரக்கம் அவளுக்குப் புறக்கணிப்பாகத் தோன்றியது. அவள் காட்டிய அடக்கம் அவருக்கு மனநிறைவாகத் தோன்றியது. இருவருக்கும் இடையே ஒரு சொல் இல்லாமற் போயிற்று. அவள் இன்றும் அத்தொழிலில் இருக்கிறாள். தனக்குக் கீழ்ப் பணிபுரியும் இளையோரிடம் நாள்தோறும் பத்து நிமிடமேனும் பேசாமல் வேலையை முடிப்பதில்லை என்கிறாள்.

இந்நிகழ்ச்சி மூன்றாம், நான்காம் கூறுகளை விளங்க வைக்கும். மூன்றாவதாகிய பயிற்சியை எடுத்துக்கொள்வோம். சட்டத்தைக் கல்லூரியில் படிக்கலாம். வழக்கறிஞர் தொழிலை மூத்தவர் அருகில் இருந்தே கற்க வேண்டும். கட்சிக்காரர் சுற்றி வளைத்துச் சொல்லும் கதையிலிருந்து வழக்குக்கு வேண்டிய நான்கு செய்திகளை அவர் எவ்வாறு பிரித்தெடுக்கிறார், எதிர்த்தரப்பின் கடிதத்திற்கு எப்போது விடை எழுதாமல் இருக்கிறார் என்பனவற்றை எப்புத்தகமும் கற்பியாது. காதில் விழுந்து, கண்ணிற் பட்டுப் படிவது அக்கல்வி. தொலைவில் இருப்பவருக்கு அது தானே வாய்க்காது. திட்டமிட்டுத் தர வேண்டும். கட்சிக்காரரின் இசைவோடு ஆலோசனைக் கூட்டங்களில் இளையவரையும் காணொளியில் அமரச் செய்யலாம். அவர் எழுதிய வரைவைத் திருத்தும்போது, திருத்தத்தை மட்டும் காட்டாமல் காரணத்தையும் ஓரத்தில் எழுதலாம். சிவப்பு மையால் அடித்துவிட்டு மதிப்பெண் இடும் ஆசிரியரிடம் மாணவன் கற்பது அச்சம். ஏன் பிழை என்று எழுதும் ஆசிரியரிடம் கற்பது பாடம்.

நான்காவது மனத்துணை. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் பழமொழி. தொலைதூர ஊரில் அழும் பிள்ளையின் குரல் தாயின் செவிக்கு எட்டுவதில்லை. ஆகவே தாய்தான் தேடிச் சென்று கேட்க வேண்டும். வாரம் ஒருமுறையேனும் மேலாளர் ஒவ்வொருவரோடும் தனித்துப் பேசுதல் வேண்டும். அப்பேச்சு, வேலை முடிந்ததா என்பதோடு நில்லாமல், எதில் இடர்ப்பாடு என்றும் வினவ வேண்டும். நல்ல வேலைகளைப் பகிரும்போது அலுவலகத்தில் எதிர்ப்படுபவருக்கே அவற்றைக் கொடுத்துவிடும் பழக்கம் மனித இயல்பு. யாருக்கு எது தரப்பட்டது என்று எழுதி வைத்தால்தான் அச்சார்பு புலப்படும். வீட்டில் இருப்பவர் எந்நேரமும் வேலைக்குக் கிடைப்பார் என்ற எண்ணமும் தவறு. சிறப்பாக நம் நாட்டுப் பெண்களுக்கு, அலுவலக வேலை முடிந்தவுடன் அடுக்களை வேலை காத்திருக்கிறது. பல வீடுகளில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு வழியையும் சில நிறுவனங்கள் மேற்கொள்கின்றன. விசைப்பலகையில் எத்தனை முறை விரல் பட்டது என்று எண்ணும் மென்பொருளையும், சற்றைக்கொருமுறை திரையைப் படம் பிடிக்கும் மென்பொருளையும் பணியாளர் கணினியில் பொருத்துகின்றன. மாணவனின் குறிப்பேட்டில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறான் என்று மட்டும் எண்ணிவிட்டுச் செல்லும் ஆய்வாளர் அவன் கற்றானா என்பதை அறிவாரா? சிந்தனையே தொழிலாக உள்ள இடத்தில், விரல் ஓய்ந்திருக்கும் நேரம் மனம் உழைக்கும் நேரமாக இருக்கலாம். அன்றியும், அவ்வாறு பிடிக்கும் படங்களில் கட்சிக்காரரின் மறைபொருளும் பதிந்துவிடும் என்பதை அந்நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன.

இவற்றை மேலாளரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடாமல் சட்டமாக்கிய நாடுகளும் உண்டு. பிரான்சு நாட்டில் 2017 முதல், வேலை நேரத்திற்கு அப்பால் மின்னஞ்சல் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்துப் பெரிய நிறுவனங்கள் பணியாளரோடு பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. போர்ச்சுகல் நாடு 2021-இல் இயற்றி 2022 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. ஓய்வு நேரத்தில் அவசரமின்றிப் பணியாளரைத் தொடர்பு கொள்ளலாகாது; தொலைவிலிருந்து பணிபுரிவதால் அவருக்கு ஏற்படும் கூடுதல் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும்; ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாவிடில், இரண்டு மாதத்திற்கு ஒருமுறையேனும் அவரை உடன் பணியாளரோடும் மேலாளரோடும் நேரில் சந்திக்கச் செய்து தனிமையைக் குறைக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. தனிமையும் ஒரு தொழில் இடர் என்பதைச் சட்டப் புத்தகத்தில் எழுதிய நாடு அது. நம் நாட்டிலும் 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பணியின் தன்மை இடம் தருமாயின், மகப்பேற்று விடுமுறைக்குப் பின் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து பணிபுரிய வழி செய்தது.

பணியாளருக்கும் கடமை உண்டு. அறியாததை அன்றே கேட்டல், முடியாததை முன்கூட்டியே சொல்லுதல், வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்பதற்கு முன் தெரிவித்தல், மேசையை விட்டு எழும்போது திரையைப் பூட்டுதல், வரைவுத் தாள்களைக் கிழித்து அழித்தல், நண்பரிடம் வழக்கைப் பற்றிப் பேசாதிருத்தல் ஆகியவை அவருடைய பங்கு. துணை என்பது இருபுறமும் நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

திருக்குறளில் ஐம்பத்திரண்டாம் அதிகாரம் ‘தெரிந்து வினையாடல்’. யாரிடம் எவ்வேலையை ஒப்படைப்பது என்பதைச் சொல்வது. அதனை அடுத்து ஐம்பத்து மூன்றாவதாக வள்ளுவர் வைத்தது ‘சுற்றந்தழால்’; தன்னைச் சார்ந்தோரைத் தழுவிக்கொள்வது பற்றியது. வேலையை ஒப்படைத்தவுடன் தலைவனின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இவ்வரிசையே சான்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மாணவர்களே! உங்களில் சிலர் நாளை வழக்கறிஞர் ஆவீர்கள். சிலர் வேறு அலுவலகங்களில், உங்கள் ஊரிலிருந்தே, முகம் அறியாத மனிதர்களோடு பணிபுரிவீர்கள். சிலர் அவ்வாறு பணிபுரிவோருக்குத் தலைமை தாங்குவீர்கள். வேலை செய்பவராக இருந்தால், கடைசி வரிசையில் இருந்து கையை உயர்த்தத் தயங்காதீர்கள். தலைமை தாங்குபவராக இருந்தால், பல நாட்களாகக் குரல் கேளாத ஒருவர் உங்கள் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அன்றே அவரை அழைத்து நலம் கேளுங்கள். நீமோவின் மாடிப்படியில் வழக்கறிஞர் ஏறிச் சென்ற நாள் மிகவும் பிந்திவிட்டது. ஒரு வாரம் முன்னதாக யாரேனும் ஏறிச் சென்றிருந்தால் அவனுடைய உண்மைப் பெயரையேனும் கேட்டறிந்திருக்கலாம்.